எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று சைக்காலஜிஸ்ட் ஏன் கேட்கிறார்?

திருப்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் வீட்டுக்காரருக்கு 38 வயது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களை ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்கிற வேலை. ஆறு மாதமாக நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். டாக்டர் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். போனால் ஒரு மணி நேரமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை டீ, போனை எங்கே வைத்துத் தூங்குகிறீர்கள், கடன் எவ்வளவு என்றே கேட்டிருக்கிறார். மனதைப் பற்றிப் பேசவே இல்லையாம். இது ஹோலிஸ்டிக் முறை என்று சொல்லியிருக்கிறார். இது சரியான வைத்தியம்தானா, இல்லை வேறு ஆளைப் பார்க்கலாமா? தூக்கம் வராமல் ராத்திரி ஒன்றரை மணிக்கு இதை எழுதுகிறேன்."

அந்த சைக்காலஜிஸ்ட் சரியாகத்தான் தொடங்கியிருக்கிறார். உங்கள் கணவர் இன்னும் இரண்டு மூன்று முறை போகட்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. நான் கோவையில் பல வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் வீட்டில் போய் "என்னென்னமோ கேட்டாங்க, மனசைப் பத்தி ஒண்ணும் கேக்கலை" என்றுதான் சொல்கிறார்கள்.

படபடப்பையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஒன்பதரை மணி. ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு, அதாவது துணி வாங்குகிறவருக்கு, அப்போது மாலை. வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மெயில் தட்டிவிடுகிறார்: துணியின் ஷேடு சரியில்லை, மறுபடி அனுப்புங்கள். அதைப் படித்த நொடியில் உங்கள் கணவரின் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. மூச்சு அப்படி ஓடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அதனால் விரல் நுனி மரத்துப்போகும், தலை லேசாகும், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அடுத்து வருகிற எண்ணம் "எனக்கு ஹார்ட் அட்டாக்". அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் அட்ரினலினைக் கொண்டுவரும். இதற்கு முன்னால் அன்று முழுக்க எட்டு டீ உள்ளே போயிருந்தால்? காஃபினும் இதயத்தைத் துடிக்க வைக்கும் பொருள்தான். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு செக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டே குடித்த டீ பதினொரு மணிக்கும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்கு அவசரமாக விழுங்கியிருந்தால், அதற்கு முன்பே பசியில் கை நடுங்கியிருக்கும்.

இதில் எது மனம், எது உடம்பு, எது கம்பெனி என்று பிரித்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. அதனால்தான் அவர் டீயிலிருந்து தொடங்குகிறார்.

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த புதுப் பாணியும் இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் 1977-இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோயை உடம்பின் கோளாறாக மட்டும் பார்த்தால் போதாது; அந்த மனிதர் என்ன நினைக்கிறார், யாரோடு வாழ்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதும் நோயின் பகுதிதான் என்பது அவர் வாதம். உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையைத்தான் இன்று மனநலப் படிப்புகளில் அடிப்படையாகச் சொல்லித் தருகிறார்கள். ஹோலிஸ்டிக், அதாவது முழுமையாகப் பார்ப்பது, என்று உங்களிடம் சொன்னதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்று ஏன் இழுக்கிறேன் என்றால், அதே வார்த்தையைப் போர்டில் போட்டுக்கொண்டு வேறு பல வியாபாரமும் நடக்கிறது. கல் மோதிரம், சக்தி சிகிச்சை, மூன்றே நாளில் மன அழுத்தம் போகும் என்ற முகாம், எல்லாவற்றுக்கும் மேலாக "ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்கிற அறிவுரை. இதில் எதையாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முழுமையாகப் பார்ப்பது என்றால் மருத்துவத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், குறைந்தால் சோர்வும் மந்தமும் வரும். பி12 குறைவு, ரத்தசோகை இரண்டுமே மனச்சோர்வு மாதிரியே தெரியும். நல்ல சைக்காலஜிஸ்ட் இந்தப் பரிசோதனைகள் ஆகிவிட்டனவா என்று முதலில் கேட்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம், அதாவது சைக்யாட்ரிஸ்ட்டிடம் அனுப்புவார். மாத்திரை எழுதித் தருவது சைக்யாட்ரிஸ்ட்டின் வேலை, சைக்காலஜிஸ்ட்டின் வேலை இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்கிறவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்சிஐயின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை, கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

சரி, அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்? நான் செய்வதைச் சொல்கிறேன். என்னிடம் வந்த பலரைச் சேர்த்து ஒரே ஆளாக்கிச் சொல்கிறேன், யாருடைய அடையாளமும் இதில் வராது.

ஒரு ஏ4 தாளில் 24 கட்டம் போட்டுக் கொடுப்பேன். நேற்றைய நாள், மணிக்கு ஒரு கட்டம். என்ன செய்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், அப்போது மனசு பத்துக்கு எத்தனை மார்க். அவர் பேனாவை எடுத்துச் சரசரவென்று எழுதினார். காலை எட்டரைக்கு டையிங் யூனிட்டுக்கு போன். பதினொன்றுக்கு சாம்பிள். ஒரு மணிக் கட்டத்தில் "சாப்பாடு" என்று எழுதி, அதை அடித்துவிட்டு நான்கு மணிக் கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டார். இரவு எட்டிலிருந்து பத்து வரை "மெயில்". ஒன்றிலிருந்து ஆறு வரை தூக்கம் என்று கோடு இழுத்தவர், கொஞ்சம் யோசித்து மூன்று மணிக் கட்டத்தில் மட்டும் "போன் பார்த்தேன்" என்று எழுதினார். பக்கத்தில் யார் என்ற பத்தியில் ஃபேக்டரி மேனேஜர், நிட்டிங்காரர், பையிங் ஆபீஸ் என்று பெயர்களாக இருந்தன. தாளை என்னிடம் நீட்டப் போனவர் நிறுத்தி, தானே ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "மேடம், இதுல வீடே இல்லீங்களே" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என்னுடைய அறிவுரையாகப் போயிருக்கும்.

அந்தத் தாளில் சரிசெய்ய வேண்டியது இருபது இருந்தது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், என் தொழிலில் இருப்பவர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முழுமையான முறை என்ற பெயரில் நடைப்பயிற்சி, யோகா, தியானம், காலையில் கஞ்சி, டைரி, குடும்பத்தோடு ஒரு மணி நேரம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற மனிதருக்கு அது இன்னொரு டார்கெட். ஒரு வாரத்தில் விட்டுவிடுவார், அப்புறம் "என்னால் இதுகூட முடியவில்லை" என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும், கை வைப்பது ஒன்றில்தான். எதை அசைத்தால் மற்றதும் கொஞ்சம் அசையுமோ, அதில்.

அவருக்குத் தூக்கத்தில் கை வைத்தோம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. போன் ஹாலில் சார்ஜில் இருக்கும். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் வந்து உட்கார்வது, கண் சொருகும்போது மட்டும் திரும்பப் போவது. படுக்கை என்றாலே விழித்துக் கிடந்து கவலைப்படும் இடம் என்று மூளை பழகியிருக்கும், அதை மாற்றுவதற்குத்தான் இது. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை, இன்றைக்கும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படும் சிகிச்சையின் ஒரு முக்கியமான பகுதி. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பகலில் கண் எரியும். நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அது கொஞ்சம் பழகிய பிறகுதான் இரண்டாவதாக, மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குக் கொண்டுவந்தோம், அதுவும் தனியாக இல்லாமல் கூட வேலை செய்கிற ஒருவரோடு. மனசு சரியானால் எல்லாம் செய்வேன் என்று காத்திருந்தால் அது நடப்பதில்லை. முதலில் செய்ய வேண்டும், மனசு பின்னால் வரும். கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரின் குழு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களிடம் இதைத்தான் செய்து பார்த்தது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, சைக்காலஜிஸ்டுகளும் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வு. உங்களுக்குப் பிடித்தது எதை நிறுத்திவிட்டீர்கள், அதில் எதைத் திரும்ப ஆரம்பிக்கலாம், யார் கூட இருப்பார்கள் என்பதைச் சுற்றியே பேச்சு. வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த முடிவு வந்தது. வீட்டில் பேசும்போது நாம் "எதையும் யோசிக்காதே" என்கிறோம். இவர்கள் அதைச் சொல்லவில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

இனி வேலை. இதைத் தொடாத மனநல சிகிச்சை பாதி சிகிச்சைதான் என்பது என் உறுதியான கருத்து.

ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் 1979-இல் ஒன்றைச் சொன்னார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை உடைப்பதில்லை. பொறுப்பு நிறைய, ஆனால் எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் குறைவு என்ற நிலைதான் உடைக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985-இலிருந்து தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆய்வும், தன் வேலையில் தன் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததைக் கண்டது. மெர்ச்சண்டைசர் வேலையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷிப்மென்ட் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியது இவர். ஆனால் நூல் வருவது இவர் கையில் இல்லை, சாயப் பட்டறையில் ஷேடு பிசகுவது இவர் கையில் இல்லை, லேபர் வராதது இவர் கையில் இல்லை. கப்பல் போய்விட்டால் விமானத்தில் ஏற்ற வேண்டும், அந்தச் செலவைச் சொல்லித் திட்டு வாங்குவதும் இவர்தான். இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் "பாசிட்டிவாக யோசியுங்கள்" என்று சொல்வது அநியாயம்.

ஆகவே அமர்வில் வேலையை நுணுக்கமாகப் பிரிப்போம். எது உண்மையிலேயே கையில் இல்லை, எது பழக்கத்தால் கையை விட்டுப் போனது? இரவு பதினோரு மணி மெயிலுக்கு உடனே பதில் போட வேண்டும் என்று யார் சொன்னது? பல நேரம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இவராகப் போட ஆரம்பித்து அதுவே எதிர்பார்ப்பாகியிருக்கும். ஒன்பதரைக்கு மேல் மெயில் இல்லை, கண்டெய்னர் நின்றுபோகிற மாதிரி அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள் என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக ஒத்திகை பார்த்திருக்கிறோம். நான் முதலாளியாக உட்கார்வேன், அவர் பேசுவார், முதல் தடவை குரலே வராது. மூன்றாவது தடவை வரும். வெளியிலிருந்து பார்த்தால் இது கவுன்சிலிங் மாதிரியே இருக்காது.

சில முதலாளிகள் கேட்பார்கள், சிலர் கேட்க மாட்டார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. தனி மனிதரைத் தாங்கப் பழக்கிவிட்டு, தாங்க முடியாத வேலையை அப்படியே விட்டுவைப்பது சிகிச்சை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களிலும், ஊழியருக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல் வேலை நேரம், வேலைச்சுமை, மேலாளர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பர்ன் அவுட் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதே நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அதை நோய் என்று சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நாள்பட்டுத் தொடர்ந்து சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் வரையறுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று, வீங்கிய காலோடும் அழுகையோடும் வருகிற பெண்களைப் பார்த்த எனக்கு அது மனநலச் சட்டமாகவே தெரிந்தது. ஒரு நாற்காலி செய்கிற வேலையை என் ஐம்பது நிமிடப் பேச்சு செய்ய முடியாது.

அப்படியானால் வேலையை விட்டுவிடச் சொல்லலாமே என்று சொந்தக்காரர்கள் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில், அதுவும் துணி ஆலையை நம்பியிருந்த ஊர்தான், ஆலை மூடியபின் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மரீ யஹோடா என்ற சமூக உளவியலாளரும் கூட இருந்தவர்களும் போய்ப் பார்த்து 1933-இல் எழுதினார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகமே குறைந்திருந்தது. சம்பளத்தைத் தவிர, நாளுக்கு ஓர் ஒழுங்கு, வெளி மனிதர்கள், ஒரு மதிப்பு, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிற உணர்வு என்று வேலை சத்தமில்லாமல் தருவது நிறைய என்று யஹோடா பின்னால் விளக்கினார். சில வேலைகளை விட்டுத்தான் ஆக வேண்டும், அப்படி விட்டு நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கிய பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது. இப்போது எடுக்க வேண்டாம்.

கடனைப் பற்றி ஏன் கேட்டார் என்பது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கலாம். வீட்டுத் தவணை, நகைக்கடன், சீட்டு எல்லாவற்றையும் தலையில் மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிற ஆண்களை நான் நிறையப் பார்க்கிறேன். மனைவிக்குத் தெரிந்தால் கவலைப்படுவாள் என்று சொல்வதில்லை. அந்தக் கணக்கு மூன்று மணிக்கு எழுப்பிவிடும். ஒரு தாளில் எழுதி வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் கடன் குறையாது, ஆனால் தனியாகச் சுமக்கிற பாரம் குறையும். மது பற்றியும் கேட்டிருப்பார். தூக்கத்துக்காகக் கொஞ்சம் என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு; மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தை உடைத்துவிடும்.

உங்கள் கணவர் அங்கே சொன்னதை உங்களிடம் சொல்லும்படி சைக்காலஜிஸ்ட்டை வற்புறுத்தாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கும் உரிமையைச் சிகிச்சை பெறுபவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்களையும் ஒரு நாள் சேர்ந்து வரச் சொல்லலாம், அப்போது போங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று சைக்காலஜிஸ்ட் நேராகக் கேட்பார். நீங்களும் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்டபிறகு பெரும்பாலும் மனிதர் இளகித்தான் போகிறார். "ஆமாம்" என்று பதில் வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, அவரைத் தனியாக விடவும் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அதே மாதிரி, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், போன மாத இசிஜி நார்மல் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். பதற்றத்துக்கான பேச்சு சிகிச்சை பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு. நான்கைந்து முறை போனபிறகும் தூக்கமோ படபடப்போ கொஞ்சமும் அசையவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லி, முறையை மாற்றலாமா, மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்லவர் அதை வரவேற்பார்.

கடைசியாக உங்களைப் பற்றி. ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் எழுந்து ஹாலுக்கு வரும்போதெல்லாம் நீங்களும் விழித்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 24 கட்டத் தாளில் இன்னொன்றை எடுத்து உங்கள் நாளை எழுதிப் பாருங்கள். சேர்ந்து வரச் சொல்லும் அன்றைக்கு இரண்டு தாளையும் கொண்டு போங்கள், தைராய்டு ரிப்போர்ட் எடுத்திருந்தால் அதையும்.